நூற்றுவரின் கணக்கும் ஒருவரின் உயிரும்

சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் என் அத்தையாரின் வலப்பக்க நுரையீரலின் மேல்மடல் அறுவை மருத்துவத்தால் அகற்றப்பட்டது. அவருக்கு வயது 61. புகையிலையை வாழ்நாளில் தீண்டியறியாதவர்; வடிகட்டாத நீரைப் பருகாதவர்; கதிரவன் மறைந்தபின் ஒரு பருக்கையும் வாயில் இடாதவர். அகற்றிய கட்டியின் ஒரு துண்டு ஆய்வுக்கு அனுப்பப்பட்டு, மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. நோயின் வகையும் நிலையும் எழுதியதன் கீழே, ‘ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் பிறழ்வு உளது’ என ஒரு வரியும் இருந்தது.

அந்த ஒரு வரி எங்கள் வீட்டைவிட்டு எப்படி வெளியேறிற்று என்பது இன்றுவரை தெரியவில்லை. நம்முடையது சிறிய சமுதாயம். வந்தவாசியில் இருமினால் திண்டிவனத்தில் கேட்கும். பத்தே நாளில், அத்தையாரின் இளைய மகளைப் பார்த்து ஒப்புதல் கூறிச் சென்ற வீட்டார், நிச்சயத்தைத் தள்ளி வைக்கலாம் என்று செய்தி அனுப்பினர். காரணம் கேட்டபோது, இடைநின்று பேசியவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “மரபணுவிலேயே கோளாறு என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாமே.”

அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. பாதிப் பிழை அச்சொல்லினுடையது. ‘ஜீன்’ என்பதற்கு ஈடாக ‘மரபணு’ என நாம் ஆக்கிக்கொண்டபோதே, மரபு என்னும் பொருள் அதன் தலையில் ஏறி அமர்ந்துவிட்டது. மரபணுவில் கோளாறு எனக் கேட்ட அளவில், பாட்டனிடமிருந்து தந்தைக்கும், தாயிடமிருந்து மகளுக்கும் வழிவழியாக இறங்குவது என்றே எவரும் கொள்வர். ஆகவே, அந்த ஒரு வரி எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லவில்லை என்பதை இங்கே ஆராய எண்ணுகிறேன். அது மருத்துவர்க்கு மட்டும் உரிய வினா அன்று. ஒரு மனிதரைப் பற்றி நாம் எதனைச் சொல்லலாம், எதனைச் சொல்லலாகாது என்னும் அறவினாவும் அதனுள்ளேயே இருக்கிறது.

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட ஏடு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். உயிரணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அவ்வேடு முழுவதும் பெயர்த்து எழுதப்படுகிறது. சாத்திர தானமாக ஏடு பெயர்த்து எழுதுவித்த மரபினர் நாம்; எத்துணைக் கருத்துள்ள எழுத்தாளனும் எங்கேனும் ஓரெழுத்தை விட்டுவிடுவான் என்பதை அறிவோம். உயிரணுவிலும் அவ்வாறே நிகழ்கிறது. பெரும்பாலான பிழைகளால் தீங்கில்லை. சில பிழைகள் தீய இடத்தில் வீழ்கின்றன.

ஈ.ஜி.எஃப்.ஆர். என்பது ஏழாம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு. அது ஆக்கும் புரதம் உயிரணுவின் மேற்பரப்பில் வாயிற்காவலன் போல் நிற்கிறது. ‘வளர்க’ என்னும் செய்தி வெளியிலிருந்து வந்தால் உள்ளே அறிவிப்பது அதன் தொழில். அம்மரபணுவின் எக்ஸான் 19 என்னும் பகுதியில் சில எழுத்துகள், பெரும்பாலும் 15 எழுத்துகள், விடுபட்டுப் போனால், வெளியே எவரும் வாராதபோதும் காவலன் ‘வளர்க, வளர்க’ என்று கூவிக்கொண்டே இருப்பான். எக்ஸான் 21இல் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் இதே விளைவுதான். என் அத்தையாருக்கு நேர்ந்தது முன்னது.

இங்கே பெண் கொள்ள வருவோரும் கொடுக்க இருப்போரும் கருதவேண்டிய செய்தி ஒன்று உண்டு. இப்பிழை அவர் தம் தாய்தந்தையரிடமிருந்து பெற்றதன்று. தம் மக்களுக்குக் கொடுத்ததும் அன்று. அவர் பிறந்து வளர்ந்து பல்லாண்டு கழிந்தபின், நுரையீரலின் ஏதோ ஓர் உயிரணு படியெடுக்கப்பட்டபோது நேர்ந்த எழுத்துப்பிழை அது. அக்கட்டியிலும் அதன் வழிவந்த உயிரணுக்களிலும் அது இருக்கும். குருதியில், கருவில், மகளின் உடலில் இராது. படியில் நேர்ந்த பிழை மூல ஏட்டைக் கெடுப்பதில்லை. இத்தகைய பிறழ்வு வழிவழியாக இறங்கும் குடும்பங்கள் உலகில் மிக மிக அரிதாகக் காணப்பட்டுள்ளன என்பது உண்மையே. அதனை அறிய வேறு ஆய்வு உண்டு. கட்டியில் கண்ட பிறழ்வைக் கொண்டு குலத்தை அளப்பது, ஓலை நறுக்கில் கண்ட செல்லரிப்பைக் கொண்டு பனந்தோப்பை வெட்டுவது போன்றதாகும்.

இனி, நோய் விசாரிக்க வந்தவர்களைப் பற்றி. கூடத்தில் அமர்ந்து மோர் பருகியபடியே சிலர், “எல்லாம் முன்வினை, என்ன செய்வது” என்றனர். உள்ளறையில் படுத்திருந்தவர் காதில் அது விழுந்திருக்கும். அவர் வாய்திறக்கவில்லை.

வேதனீயம் என்னும் வினை இன்பதுன்ப நுகர்ச்சிக்குக் காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. மறுப்பவன் இவ்விதழில் எழுதத் தகுதியற்றவன். ஆனால் எவ்வினை எப்பிறப்பில் கட்டுண்டது, எவ்வளவு கட்டுண்டது, எப்பொழுது உதயமாயிற்று என்பதை ஐயமற அறிய வல்லவர் யார்? முழுதுணர்ந்த கேவலி ஒருவரே. தம் வினையையே முற்றும் அறியாத நாம், பிறருடைய படுக்கையருகே நின்று ‘இது உன் வினை’ என்று உரைக்கும்போது, நம்மையறியாமலே கேவல ஞானத்துக்கு உரிமை கொண்டாடுகிறோம். பிற உயிர்க்குத் துன்பம் பயக்குமாயின் மெய்யையும் சொல்லற்க என்பது இல்லறத்தார்க்கு விதித்த அணுவிரதம். மெய்யென்றே உறுதிப்படாத ஒன்றை, நோயுற்றவர் கேட்கும்படி சொல்வதற்கு எந்த விரதத்தில் இடமிருக்கிறது?

மற்றொரு சாரார், படித்தவர்கள், வேறு வழியில் செல்கின்றனர். எட்டு வினைகளுள் ஒன்றாகிய நாமவினையே இன்றைய அறிவியலார் கூறும் மரபணு என்றும், ஆகவே நம் ஆசாரியர்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இதனைக் கண்டனர் என்றும் பெருமிதத்தோடு எழுதுகின்றனர். எனக்கு இதில் உடன்பாடில்லை. மரபணு கருவியால் படிக்கப்படுகிறது. அதன் பிழையைக் கண்டு மாத்திரை செய்கிறார்கள். வினைப்புற்கலம் அத்தகைய பொருள் அன்று. பத்தாண்டுக்கு ஒருமுறை மாறும் அறிவியலின் தோளில் அறத்தை ஏற்றி வைத்தால், அது இறங்கும்போது அறமும் இறங்க வேண்டியதாகும்.

ஆயினும் நம் தருக்க நூலோரின் ஒரு பாகுபாடு இவ்விடத்தில் எனக்கு உதவிற்று. குடத்துக்கு மண் உபாதான காரணம். குயவனும் திகிரியும் நிமித்த காரணம். இரண்டும் கூடினாலன்றிக் குடம் இல்லை. 2023ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த சார்லஸ் ஸ்வான்டன் என்னும் புற்றுநோய் ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் படித்தபோது இப்பாகுபாடே நினைவுக்கு வந்தது. நோயற்ற நுரையீரல் திசுக்களை அவர்கள் நுணுகி ஆராய்ந்தனர். அவற்றுள் 18 விழுக்காட்டில் ஈ.ஜி.எஃப்.ஆர். பிறழ்வும், 53 விழுக்காட்டில் கே-ராஸ் என்னும் மற்றொரு மரபணுவின் பிறழ்வும் இருந்தன! அதாவது, புற்றுநோய்க்குக் காரணம் எனப்படும் எழுத்துப்பிழை, நோய் இல்லாத நுரையீரலிலும் சிறு அளவில் உறங்கிக் கிடக்கிறது. காற்றில் மிதக்கும் 2.5 மைக்ரானுக்கும் குறைந்த நுண்துகள்கள் நுரையீரலுட் சென்று அழற்சியை உண்டாக்கும்போது, உறங்கிய உயிரணு விழித்துப் பெருகத் தொடங்குகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. துகள் எழுத்தை மாற்றவில்லை, மாறிக்கிடந்ததை எழுப்பிற்று. பிழை உபாதானம் என்றால் புகை நிமித்தம்.

இதனைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. அத்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சவுக்கு விறகும் வேர்க்கடலைத் தொலியும் வறட்டியும் எரித்த அடுப்பின் முன் நின்றவர். தாழ்ந்த கூரை, ஒரே சாளரம், மழைக்காலத்தில் விறகு ஈரமாக இருந்தால் கூடம் வரைக்கும் புகை வரும், நாங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு தெருத்திண்ணைக்கு ஓடுவோம். அவர் ஓடியதில்லை. வீட்டினுள் நிலக்கரி எரிப்பதால் எழும் புகை மாந்தர்க்குப் புற்றுநோயை உண்டாக்குவது என்றும், விறகு முதலியவற்றின் புகை பெரும்பாலும் அவ்வாறு உண்டாக்கக் கூடியது என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2010இல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியிருக்கிறது. அந்த அடுப்புத்தான் இவருடைய நோய்க்கு நிமித்தம் என்று உறுதியாக எவரும் சொல்ல இயலாது. சாலைத் தூசியாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அந்த அடுப்பில் வெந்த சோற்றை உண்டு வளர்ந்தவர்கள், அவருடைய முன்வினையைப் பற்றி அவர் வீட்டுக் கூடத்திலேயே பேசினோம். ‘பேசினோம்’ என்றுதான் எழுத வேண்டும். அன்று நானும் அங்கே மோர் பருகிக்கொண்டிருந்தேன், மறுத்துப் பேசவில்லை.

கட்டுரையின் முதற்பத்தியை இப்பொழுது மீண்டும் படித்துப் பார்க்கிறேன். ‘புகையிலையைத் தீண்டியறியாதவர்’ என்று எத்துணை விரைவாக எழுதிவிட்டேன்! தீண்டியிருந்தால் இந்நோய் அவருக்குத் தக்கதே என்னும் எண்ணம் அதன் அடியில் மறைந்து கிடக்கிறதல்லவா? உலகில் நுரையீரல் புற்றுநோய் உறுவோருள் ஏறத்தாழ 10 முதல் 25 விழுக்காட்டினர் புகைத்தறியாதவர்கள். அவர்களைக் குற்றமற்றவர் என்று பிரித்து நிறுத்தும்போதே, எஞ்சியவர்களைக் குற்றக் கூண்டில் ஏற்றிவிடுகிறோம். புகைத்தல் தீது, அது இந்நோய்க்குத் தலையாய காரணம், அதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் காரணம் என்பது வேறு, தண்டனை என்பது வேறு.

இதற்கு ஒரு வரலாறு. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் பார்ன்ஸ் மருத்துவமனையில் எவார்ட்ஸ் கிரஹாம் என்னும் அறுவை மருத்துவர், 1933 ஏப்ரல் 5ஆம் நாள், பிட்ஸ்பர்க் நகரத்து நோயாளி ஒருவரின் மார்பைத் திறந்தார். நோயாளியும் மருத்துவரே, மகப்பேற்று மருத்துவர், வயது 48. நுரையீரலின் ஒரு பகுதியை மட்டும் எடுப்பதாகவே முதலில் கருதியிருந்தனர். திறந்து பார்த்தபின், அது போதாது எனக் கண்டு, இடப்பக்க நுரையீரல் முழுவதையும் அகற்றினார் கிரஹாம். புற்றுநோய்க்காக ஒரு நுரையீரலை முழுவதுமாக ஒரே அறுவையில் அகற்றி, நோயாளி பிழைத்தெழுந்தது அதுவே முதன்முறை.

கிரஹாம் நெடுங்காலம் சிகரெட் புகைத்தவர். சிகரெட் விற்பனையும் நுரையீரல் புற்றுநோயும் ஒருசேர ஏறுகின்றன என்று ஒருவர் சுட்டிக்காட்டியபோது, பெண்டிர் அணியும் நைலான் காலுறையின் விற்பனையும்தான் ஏறியிருக்கிறது என எள்ளியவர். பின்னர் எர்ன்ஸ்ட் வின்டர் என்னும் மருத்துவ மாணவரோடு சேர்ந்து 684 நோயாளரின் வரலாற்றை ஆராய்ந்து, 1950இல், அத்தொடர்பு மெய்யே எனத் தாமே எழுதினார். எள்ளிய நாவாலேயே ஒப்புக்கொண்ட அந்நேர்மை சிறியதன்று. (1953இல் இவ்விருவரும் மற்றொருவரோடு சேர்ந்து, சிகரெட் புகையின் தாரைச் சுண்டெலிகளின் தோலில் பூசிப் புற்றுநோய் உண்டாக்கிக் காட்டினர். அவ்வெலிகளுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பது தனியே எழுதவேண்டிய பொருள். அதனைக் கடந்து போகிறேனே தவிர, மறந்து போகவில்லை.) கிரஹாம் சிகரெட்டை விட்டார். ஆயினும் 1957இல் நுரையீரல் புற்றுநோயே அவர் உயிரைக் கொண்டது. ஒரு நுரையீரலோடு வீடு திரும்பிய அவருடைய நோயாளியோ 1963 வரை, முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார்.

1933இல் அவ்விருவரையும் ஒருங்கே நிறுத்தி, இவருள் நெடிது வாழ்பவர் யார் என்று கேட்டிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும் என எண்ணிப் பார்க்கிறேன். அறுவைக்கு முன் அந்நோயாளி தம் ஊருக்குச் சென்றுவந்த செய்தி ஒன்றைச் சொல்வர். அப்போது அவர் சொத்தைப் பற்களுக்குத் தங்கம் அடைத்துக்கொண்டாராம். கல்லறைக்கு நிலமும் வாங்கினாராம். இரண்டையும் ஒரே பயணத்தில் செய்த அம்மனிதரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

எங்கள் ஊரில் மூன்றாவதாக ஒரு பேச்சும் இருந்தது. “ஐந்து வருடம்தான் கெடுவாம்.” இதுவும் ஒரு சொல்லைத் தவறாகப் பிடித்ததன் விளைவு. அறுவைக்குப் பின் எத்தனை பேர் உயிரோடு இருக்கின்றனர் என்பதை மருத்துவர்கள் ஐந்தாண்டு முடிவில் எண்ணுவது வழக்கம். எண்ணுவதற்கு ஒரு நாள் வேண்டும். அதற்காக வைத்த நாள் அது. ஆறாம் ஆண்டும் பதினாறாம் ஆண்டும் வாழ்பவர்களும் அந்த எண்ணிக்கைக்குள்ளேயே இருக்கின்றனர். கெடு என்று அதற்குப் பெயர் வைத்தது நாம்.

அந்த எண்ணும் நிலையாக நின்றதில்லை. 2003ஆம் ஆண்டு வரை, கட்டியில் ஈ.ஜி.எஃப்.ஆர். பிறழ்வு இருக்கிறதா என்று கேட்கவும் எவருக்கும் தோன்றவில்லை. 2004இல் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் இருந்த ஆய்வுக் குழுக்கள், ஜெஃபிட்டினிப் என்னும் மாத்திரைக்குச் சிலருடைய கட்டிகள் மட்டும் வியக்கத்தக்க வகையில் சுருங்கியதன் காரணத்தை ஆராய்ந்தபோது, அக்கட்டிகளில் இப்பிறழ்வு இருப்பதைக் கண்டனர். கிழக்காசிய மக்களிடையேயும், பெண்களிடத்தும், புகைத்தறியாதவரிடத்தும் இது மிகுதி என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. பின்னும் ஓர் அடி. அறுவையால் கட்டியை அகற்றியபின், இப்பிறழ்வு உடைய 682 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு ஓசிமெர்டினிப் என்னும் மாத்திரையை மூன்றாண்டு வரையும், மறு பிரிவினர்க்கு மருந்தில்லா மாத்திரையையும் கொடுத்துப் பல நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. 2023இல் வெளிவந்த அதன் முடிவு: ஐந்தாம் ஆண்டில் உயிரோடு இருந்தோர், மருந்து உண்டவருள் 100க்கு 88, உண்ணாதவருள் 100க்கு 78. மருந்தில்லா மாத்திரையை விழுங்கியவர்கள் இல்லையெனில் இக்கணக்கே பிறந்திராது. முகமறியாத அவர்களுக்கு நாம் நன்றி சொல்லும் வழக்கம் இல்லை.

எனவே, ‘பிறழ்வு உளது’ என்னும் அதே வரி, 2003இல் பொருளற்றது. 2004இல் ஒரு குறிப்பு. 2023இல் ஒரு வாயில். எழுத்து மாறவில்லை, மனிதரின் முயற்சி அதன் பொருளை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. தலையெழுத்து என்பதன் இலக்கணம் இதுவாயின், அத்தலையெழுத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இக்கணக்கையே சற்றுக் கூர்ந்து நோக்குவோம். நூற்றுவருள் 78 பேர் மாத்திரை இல்லாமலும் ஐந்தாண்டு கடந்திருப்பர். 12 பேர் மாத்திரை உண்டும் கடக்கவில்லை. மாத்திரையால் வேறுபாடு கண்டவர் இடைப்பட்ட பதின்மர். அப்பதின்மர் இன்னார் என்று அறிய வழியில்லாமையால் நூற்றுவரும் உண்கின்றனர். விலை மிகுந்த மருந்தை மூன்றாண்டு வாங்குகின்றனர். தோல் தடிப்பையும் வயிற்றுப்போக்கையும் பொறுத்துக்கொள்கின்றனர். ‘ஒருவகையான்’ என்னும் அடைமொழி இன்றி எப்பொருளையும் முற்ற முடிந்ததாக மொழிதல் ஆகாது என்பது நம் சியாத்வாதம். 88 என்னும் எண், நூற்றுவர் என்னும் வகையான் மெய். என் அத்தையார் என்னும் ஒருவர் வகையான் அது மெய்யும் அன்று, பொய்யும் அன்று. அவர் 88 விழுக்காடு வாழப்போவதில்லை. வாழ்வார், அல்லது வாழார்.

எண் நூற்றுவர்க்கேனும் மெய்யாக இருக்க வேண்டுமே, அதற்கு யார் பொறுப்பு? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர் 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தொடக்க நிலை நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவருள் யார்க்கு நோய் திரும்பும், யார்க்குத் திரும்பாது என்பதைக் கட்டியின் மரபணுச் செயற்பாட்டைக் கொண்டே தனித்தனியே முன்னறியலாம் என்றது அது. உலகம் மகிழ்ந்தது. அதே குழுவினரின் இத்தகைய கணிப்புகளை நம்பி, எந்நோயாளிக்கு எம்மருந்து என்று தெரியும் ஆய்வுகளில் நூற்றுக்கு மேற்பட்ட நோயாளர் சேர்க்கப்பட்டனர். ஹூஸ்டன் நகரின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தைச் சேர்ந்த கீத் பாகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்னும் இரு புள்ளியியலார், அக்குழுவினரின் கணக்குகளை மீண்டும் போட்டுப் பார்த்தனர், விடை ஒத்துவரவில்லை. பட்டியல்கள் ஒரு வரி தள்ளிப் பொருத்தப்பட்டிருந்த இடங்களும் இருந்தன. அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தனர். குழுவினுள்ளேயே பணியாற்றிய மருத்துவ மாணவர் ஒருவர் 2008இல் ஐயங்களை எழுத்தில் வைத்தார், பொறுமை காக்கும்படி அவரிடம் சொல்லப்பட்டது, அவர் விலகிக்கொண்டார். 2010இல் அந்த ஆய்வுகள் நிறுத்தப்பட்டன. 2011இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 2015இல், தரவுகள் பொய்யாகப் புனையப்பட்டிருந்தன என்று அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மை அலுவலகம் முடிவு கூறிற்று.

இங்கே கொல்லப்பட்டது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கத்தி இல்லை, குருதி இல்லை. பட்டியலில் ஒரு பொய். ஆனால் அறுவை முடிந்து, மீண்டும் நோய் வருமோ என்று இரவில் கண்விழித்துக் கிடப்பவருக்கு, அப்பொய்யே மருந்தைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தது. வாய்மையை நாம் தனி விரதமாக எண்ணுகிறோம். கொல்லாமையின் ஒரு கிளையாகவே அது வைக்கப்பட்டிருப்பதன் காரணம் எனக்கு இவ்வரலாற்றைப் படித்தபோதுதான் முழுதும் விளங்கிற்று.

அத்தையாரிடம் எதனைச் சொல்வது என்பதில் வீட்டில் ஒற்றுமை இல்லை. “சளிக்கட்டி என்றே இருக்கட்டும்” என்றான் அவர் மகன். அன்பினால் சொன்னான். ஆனால் சளிக்கட்டிக்கு மூன்றாண்டு மாத்திரை எதற்கு என்று கேட்கத் தெரியாதவர் அல்லர் அவர். ஊரெல்லாம் அறிந்ததை அவர் ஒருவரிடம் மட்டும் மறைத்து, அதற்கு அகிம்சை என்று பெயரிடுவது எனக்கு ஒவ்வவில்லை. ஒருநாள் பிற்பகல், அரிசி புடைத்துக்கொண்டே அவரே கேட்டுவிட்டார்.

“தம்பி, எனக்கு இன்னும் எத்தனை நாள்?”

“நம் ஆலயத்து மண்டபத்தில் உங்களைப்போல் நூறு பேர் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், அத்தை. மாத்திரை சாப்பிட்டால், ஐந்து வருடம் கழித்து எண்பத்தெட்டுப் பேர் அங்கேயே இருப்பார்கள்.”

“நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்?”

“அது தெரியவில்லை, அத்தை. மருத்துவருக்கும் தெரியாது.”

அவர் முறத்தை நிறுத்தி என்னைப் பார்த்தார். “நீ எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாய் என்று உனக்குத் தெரியுமா?” என்று கேட்டுவிட்டு மீண்டும் புடைக்கத் தொடங்கினார்.

மணமகன் வீட்டார்க்கு நான் நான்கு பக்கத்தில் ஒரு மடல் எழுதினேன். இங்கே எழுதியவற்றுள் முதற்பாதியே அதில் இருந்தது. ஒரு மாதம் விடையில்லை. பின்னர் அப்பையனின் தந்தை இரண்டே வரி எழுதியிருந்தார்: தம் தாயாரும் இருமியே இறந்தவர், தை பிறந்ததும் நேரில் வருகிறோம். வந்தார்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது; முடிந்துவிட்டது என்று எழுத இன்னும் காலம் இருக்கிறது.

மாத்திரை நாளுக்கு ஒன்று. உணவோடும் உண்ணலாம், வெறும் வயிற்றிலும் உண்ணலாம்; நாள்தோறும் ஒரே நேரமாக இருந்தால் நன்று என்றார் மருத்துவர். காலை ஐந்து மணி என்று மகன் சொன்னபோது, கதிரவன் எழுமுன் நீரும் பருகுவதில்லை என்று அத்தையார் மறுத்துவிட்டார். மருத்துவர் சிரித்து, உங்கள் கதிரவனே நேரத்தைச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். மார்கழியில் பொழுது தாழ்ந்து புலர்ந்தபோது, வடிகட்டிய நீரைச் செம்பில் வைத்துக்கொண்டு, மாத்திரையைக் கையில் ஏந்தியபடி, கீழ்வானத்தைப் பார்த்துத் திண்ணையில் அமர்ந்திருப்பார்.